மூன்று கட்டம் கீழே

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இந்த டைரி கப்பல் ஏஜென்சிக்காரன் புத்தாண்டுக்குக் கொடுத்தது. இத்தனை மாதம் அரிசி டப்பா மேல் சும்மா கிடந்தது. இன்று தூசி தட்டி எடுத்துவிட்டேன். நடந்ததை நான் எழுதி வைக்காவிட்டால் நாளைக்குக் கிளாட்வின் வேறு மாதிரி சொல்லிவிடுவான்.

கிளாட்வின் என் தங்கை ஜெனோவாவின் புருஷன். எங்கள் கோயில் பாடகர் குழுவுக்கு அவன்தான் மாஸ்டர். நான் அந்தக் குழுவின் கிட்டார். தூத்துக்குடியில் கிட்டார் என்று வாயெடுத்தால் அடுத்த வார்த்தை பென்னி மச்சாதுதான். கொழும்பில் ஒரு பெரிய ஹோட்டலில் ஐந்நூறு பேர் முன்னால் வாசித்தவன் நான். வெள்ளைக்காரர்கள் சாப்பாட்டை ஆறவிட்டுக் கேட்டார்கள். எட்டாம் வகுப்போடு நின்றவன்தான், ஆனால் விரலுக்கு எதற்குப் பள்ளிக்கூடம்?

இன்று பூசை முடிந்து ஒத்திகை. செப்டம்பர் எட்டு மாதா பிறந்தநாள் திருவிழா. சாயங்காலம் கோயில் மைதானத்தில் மேடை. கிளாட்வின் சொந்தமாக ஒரு பாட்டுக் கட்டியிருக்கிறான். பாடப்போவது என் மனைவி ரெஜினா. முப்பது வருசமாகக் கூட்டத்தோடு பாடியவளுக்குத் தனிப்பாட்டு இதுதான் முதல் தடவை. பாட்டின் நடுவில் அவள் மூச்சுவிட ஓர் இடைவெளி வருகிறது. அதில் ஒரு கருவி மட்டும் தனியாகப் பேச வேண்டும். அதைக் கீபோர்டில் தானே வாசிக்கப்போவதாகச் சொல்கிறான் கிளாட்வின்.

"கிட்டார் இருக்கும்போது கீபோர்டு எதுக்கு மாப்ள?" என்றேன்.

"மச்சான், நீங்க கார்டு அடிக்கிற ஆளு. நாலு விரல ஒண்ணா வச்சு ஜங்கு ஜங்குன்னு அடிக்கலாம். இது ஒத்த ஒத்த சுரமாப் பேசணும். மேஜர் பென்டாடானிக் தெரியணும்."

"தெரியாதுன்னு யாரு சொன்னா?"

பாடகர் குழுப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் எல்லாருக்கும் நான் மாமா. மாமாவை வைத்துச் சிரிப்பது இப்போது நாகரிகமாகிவிட்டது.

"சரி, முப்பத்தொண்ணாந்தேதி ஒத்திகையில வாசிச்சுக் காட்டுங்க," என்றான். "சரியா வந்தா அந்த இடம் உங்களுக்கு. வரலன்னா கீபோர்டு. கார்டும் வேண்டாம். முன்னாடி நாற்காலியில இருந்து பாட்டக் கேளுங்க."

அதாவது என்னைக் குழுவை விட்டே தூக்குகிறான். நான் தாளத்துக்கு முன்னால் ஓடுகிறேனாம், சத்தமாக அடிக்கிறேனாம். குழு மெதுவாகப் பாடினால் நான் என்ன செய்ய?

வரும் வழியில் காய்கறி வாங்கினேன். வெண்டைக்காய் முற்றல். திருப்பிக் கொடுத்துச் சண்டை போட்டேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மேஜர் பென்டாடானிக் பற்றி எல்லாம் தெரிந்துகொண்டேன். ஒரு மணி நேரம் போதுமானதாக இருந்தது. பென்டா என்றால் ஐந்து. ஐந்தே சுரம். மீதி இரண்டைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். சண்டைக்காரச் சுரங்கள் அவை. மிச்சமிருக்கும் ஐந்தும் ஒன்றோடொன்று ஒத்துப்போகும். எங்கள் குடும்பத்தில்கூட அப்படி ஐந்து பேர் கிடையாது.

போனில் ஒருவன் சொல்லிக்கொடுக்கிறான். அரை மணி நேரம் பேசுகிறான், தொண்டையில் மீன்முள் சிக்கியவன் மாதிரி. ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. இந்தக் காலத்தில் எவனுக்கும் வாயைத் திறந்து பேசத் தெரியாது. சத்தத்தை முழுக்க ஏற்றியும் அதே முனகல். போனை மாற்ற வேண்டும்.

ஆனால் படம் போட்டிருந்தான். கிட்டார் கழுத்தில் ஆறு தந்தி, குறுக்குக் கம்பிகளுக்கு நடுவே கட்டங்கள், தந்திக்கு இரண்டு புள்ளி. முதலில் மைனருக்கு ஒரு படம், பிறகு மேஜருக்கு ஒரு படம். இரண்டும் அச்சு அசலாக ஒரே உருவம். சோம்பேறி, ஒரே படத்தை இரண்டு தடவை போட்டிருக்கிறான். பாட்டு ஏ சுருதி. ஏ ஐந்தாவது கட்டத்தில் இருக்கிறது. ஆகவே அங்கே ஆள்காட்டி விரலை ஊன்றி அந்த உருவத்தை வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ரெஜினாவின் சிவப்பு நகப்பூச்சை எடுத்து, கழுத்தில் பன்னிரண்டு புள்ளி வைத்தேன். உலகத்திலேயே இப்படிச் செய்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

விரல் நுனியெல்லாம் கொப்புளம். மீன்காரி ஏதோ முணுமுணுத்தாள். திட்டி அனுப்பினேன். அவள் விலையைத்தான் சொன்னாளாம்.

ஆகஸ்ட் 11, திங்கள்

இன்று இரண்டு சண்டை.

முதல் சண்டை பக்கத்து வீட்டோடு. மத்தியானம் ஆம்ப்ளிஃபையரைப் போட்டுப் பயிற்சி செய்கிறேன். மெல்லிய தந்தி இரண்டிலும் சத்தமே எடுக்கவில்லை. கடைக்காரன் மட்டமான தந்தியைத் தலையில் கட்டிவிட்டான். அதனால் சத்தத்தைக் கூட்டினேன். பக்கத்து வீட்டு அம்மா ஓடி வந்தாள். அவள் வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிர்கிறதாம்.

இரண்டாவது சண்டை வீட்டுக்குள். கிளாட்வின் வந்திருந்தான். அடுக்களையில் ரெஜினாவும் அவனும் தலையைச் சேர்த்துவைத்துக்கொண்டு குசுகுசுவென்று பேசினார்கள். நான் உள்ளே போனதும் நிறுத்திக்கொண்டார்கள்.

"என்ன சதி நடக்குது?" என்றேன்.

ரெஜினா என் முன்னால் வந்து நின்று, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். "ஒரு தடவ காது டாக்டர்ட்ட போயிட்டு வருவோம். கூட நான் வாரேன்."

எனக்கா காது டாக்டர்? கொழும்புக்குச் சரக்கு ஏற்றும் லாஞ்சில் முப்பத்திரண்டு வருசம் இன்ஜின் டிரைவராக இருந்தவன் நான். இன்ஜின் அறையில் பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது, ஆனால் பேரிங் தேய்வதை நான் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடுவேன். ஒரு தடவை நடுக்கடலில் அப்படிக் கண்டுபிடித்து இருபது உயிரைக் காப்பாற்றினேன். அந்தக் காதைப் போய்ப் பஞ்சு வைத்துத் துடைக்கச் சொல்கிறாள்.

சாப்பிடவில்லை. பிறகு சாப்பிட்டேன். நெத்திலிக் குழம்பு.

ஆகஸ்ட் 15, வெள்ளி



காலையில் பூசை, கொடியேற்றம், மிட்டாய். பிறகு ஒத்திகை. இடைவெளி வந்ததும் நான் எழுந்து நின்று வாசித்தேன். சிவப்புப் புள்ளி ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. பன்னிரண்டும் அதனதன் இடத்தில். முடித்துவிட்டு நிமிர்ந்தேன். பின்வரிசைப் பெண் ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கிளாட்வின் என் பக்கத்தில் வந்து சத்தமாகச் சொன்னான். "மச்சான், கோவிக்காதீய. பாட்டு மேஜர்ல, மோகனத்துல சிரிச்சிட்டுப் போகுது. நீங்க மைனர்ல, சுத்த தன்யாசியில போய் அழுதுட்டு நிக்கிறீய. கலியாண வீட்டுல ஒப்பாரி வச்ச மாதிரில்லா இருக்கு."

"படத்துல போட்டத வாசிச்சேன்."

"எந்தப் படத்துல?"

"அது உனக்கெதுக்கு?"

"மாமா," என்றாள் வாயைப் பொத்தியிருந்தவள், "கேக்கும்போது உங்களுக்கே தெரியலியா?"

கிட்டாரைப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். ஜிப்பு மாட்டிக்கொண்டது. அதையும் பிய்த்துவிட்டேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. ரெஜினாவிடம் பேசவும் இல்லை. அவள்தான் பேசினாள்.

"அந்த உருவம் சரிதான். வச்ச இடம்தான் தப்பு. மூணு கட்டம் கீழ இறக்கி வாசிச்சுப் பாருங்க."

"கிட்டாரத் தொட்டுப் பாத்திருக்கியா நீ?"

"தொடல. ஆனா நான் பாடுறவ. நீங்க வாசிக்கிறது எம் பாட்டுல ஒட்டல. சாயங்காலமெல்லாம் நானும் போன்ல அந்தப் பையன் பாடம் எடுக்கிறதக் கேட்டேன். மேஜருக்கு உருவத்தக் கீழ இறக்கணும்னு தெளிவா சொல்லுதான்."

தெளிவாகச் சொல்கிறானாம். அந்த மீன்முள் தொண்டைக்காரன்.

"கொழும்புல ஆயிரம் பேருக்கு முன்னாடி வாசிச்சவனுக்கு நீ சொல்லிக்குடுக்கியா?"

"கொழும்புல உங்களுக்குக் கரையில இறங்கப் பாஸே குடுக்கல. லாஞ்சுலயே இருந்து சோறு பொங்கினீய. கலியாணமான புதுசுல நீங்கதான் சொன்னீய."

இப்படிப்பட்ட நினைவாற்றல் ஒரு பெண்ணுக்கு ஆகாது.

ஆகஸ்ட் 20, புதன்

காலையில் கிட்டாரை எடுத்தால் கழுத்தில் புதிதாகப் பச்சைப் புள்ளிகள். இரண்டாவது கட்டத்திலிருந்து ஆரம்பித்து, என் சிவப்பு உருவத்தை அப்படியே மூன்று கட்டம் கீழே இறக்கி வைத்த மாதிரி. பச்சை நகப்பூச்சு இந்த வீட்டில் ஏது? ரெஜினா ஜெனோவாவிடம் வாங்கியிருக்கிறாள்.

ஒருவன் வாத்தியத்தில் இன்னொருவர் கைவைப்பது அவன் சோற்றில் மண்ணைப் போடுவது மாதிரி. இதைத்தான் கத்தினேன். அடுக்களையில் பாத்திரம் கழுவிக்கொண்டே இருந்தாள். சுரண்டிப் பார்த்தேன், போகவில்லை.

கோபத்தில்தான் வாசித்தேன். எவ்வளவு கேவலமாக இருக்கும் என்று காட்டத்தான். ரெஜினா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, எதிரில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, பாட்டின் பல்லவியைப் பாட ஆரம்பித்தாள். பத்து வருசத்தில் அவள் முகத்தை இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. சிவப்புப் புள்ளியில் விரல் தவறிப் போனால் புளியங்காயைக் கடித்தவள் மாதிரி கண்ணைச் சுருக்கினாள். பச்சைப் புள்ளியில் நின்றால் முகம் விரிந்தது.

அதைப் பார்த்துப் பார்த்து வாசித்தேன். சாயங்காலத்துக்குள் ஒரு தடவைகூட அவள் முகம் சுருங்கவில்லை.

ஆக, மேஜருக்கு உருவத்தை மூன்று கட்டம் கீழே இறக்க வேண்டும் என்பதைக் கண்டுபிடித்துவிட்டேன். அனுபவம்தான் காரணம்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. உருவம் கீழே இறங்கினாலும் பாட்டின் ஆதார சுரம் இறங்கவில்லை. அது பழைய ஐந்தாவது கட்டத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. முன்பு ஆள்காட்டி விரல் அதை மிதித்துக்கொண்டு கிளம்பியது. இப்போது ஆள்காட்டி விரல் வேறு எங்கோ நிற்கிறது. ஆதார சுரத்துக்குச் சுண்டுவிரல்தான் எட்டிப் போக வேண்டும்.

என் சுண்டுவிரலோ இத்தனை வருசமும் ஒரு வேலையும் செய்யாமல் கூடவே வந்து சோறு தின்ற விரல். கார்டு பிடிக்கையில் அது தேவையே படவில்லை. இப்போது வளைய மாட்டேன் என்கிறது. மெல்லிய தந்தியின் ஐந்தாவது கட்டம், அதுதான் கடைசி சுரம். அங்கே போய் நின்றால்தான் ரெஜினா அடுத்த வரியை எடுக்க முடியும். எண்ணெய் போட்டு நீவினேன். கதவிடுக்கில் வைத்து இழுத்தேன். திட்டினேன். திட்டினால் கொஞ்சம் கேட்கிறது.

காஸ் சிலிண்டர் வந்தது. மணியடித்தும் யாரும் திறக்கவில்லை என்று கொண்டுவந்தவன் திரும்பிப் போகப் பார்த்திருக்கிறான். நான் வாசலை ஒட்டித்தான் உட்கார்ந்திருந்தேன். மணியே அடிக்கவில்லை, பொய் சொல்கிறான்.

ஆகஸ்ட் 28, வியாழன்

மத்தியானம் கரண்டு இல்லை. ஆம்ப்ளிஃபையர் செத்துக் கிடந்தது. வெறும் கிட்டாரை மடியில் வைத்தபடியே கண்ணயர்ந்துவிட்டேன். தலை தொங்கித் தாடை கிட்டாரின் விளிம்பில் பட்டுக்கொண்டிருந்திருக்கிறது. தூக்கத்தில் கை தந்தியைத் தட்டியது.

மணி மாதிரி ஒரு சத்தம். நிமிர்ந்து பார்த்தேன். யாருமில்லை. மறுபடி தட்டினேன், மண்கட்டி மாதிரி அதே பழைய சத்தம். மறுபடி தாடையை மரத்தில் வைத்துத் தட்டினேன். எலும்பு வழியாக ஏறி மண்டைக்குள் வந்து நின்றது. தந்தியின் ஓரத்தில் மின்னுகிற அந்தச் சன்னமான நுனி, சத்தம் ஓய்ந்த பிறகும் கொஞ்சநேரம் நிற்குமே, அது. அப்படி ஒன்று இருந்ததையே மறந்திருந்தேன்.

எவனோ இத்தனை வருசம் அதை எடுத்து ஒளித்துவைத்துவிட்டு இன்று திருப்பிக் கொடுத்த மாதிரி இருந்தது. யார் என்று தெரிந்தால் கன்னத்தில் அறைந்திருப்பேன்.

தாடையை எடுக்காமல் முழுவதையும் வாசித்தேன். அப்போதுதான் வேறொன்றும் தெரிந்தது. பாதி இடத்தில் தந்தி கரகரக்கிறது. சுண்டுவிரல் கட்டத்தில் சரியாகவே ஊன்றவில்லை. இவ்வளவு நாளும் இதையா எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்?

கிட்டாரில் ஏதோ கோளாறு.

ரெஜினா வந்து பார்த்தாள். "என்ன, அதக் கட்டிப்பிடிச்சு முத்தம் குடுக்கிறீய?"

"சாய்ஞ்சிருக்கேன். முதுகுவலி."

ஆகஸ்ட் 31, ஞாயிறு

தோற்கவில்லை. தோற்கடித்தார்கள்.

எல்லாரும் பார்க்கும்போது கிட்டார்மேல் தாடையை வைக்க முடியுமா? அந்த முந்தானைக்காரி எனக்கு வருசம் முழுக்க ஒரு பட்டப்பெயர் வைத்துவிடுவாள். நிமிர்ந்து நின்றுதான் வாசித்தேன். ரெஜினாவின் முகத்தைப் பார்க்கலாம் என்றால், மைக்கைப் பார்த்து நின்ற அவளுடைய கொண்டைதான் தெரிந்தது. டிரம்காரன் வேறு டிரம்மை இடித்துத் தள்ளினான். நான் வாசித்தது எனக்கே எட்டவில்லை. எங்கே இருக்கிறேன் என்று தெரியாமல், எல்லாரும் முடித்த பிறகும் நான் மட்டும் வாசித்துக்கொண்டிருந்திருக்கிறேன். கிளாட்வின் வந்து என் கையைப் பிடித்து நிறுத்தினான். சின்னப் பிள்ளையிடமிருந்து கத்தியைப் பிடுங்குவது மாதிரி, மெதுவாக.

"கீபோர்டே இருக்கட்டும் மச்சான்."

அவன் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். மெதுவாகச் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை.

செப்டம்பர் 2, செவ்வாய்

ஜெனோவா வந்தாள். என் தங்கை பேசினால் கடற்கரை வரை கேட்கும். ஊரிலேயே ஒழுங்காகப் பேசத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

"நல்லாயிருக்குண்ணே நீங்க செஞ்ச காரியம். மதினி பாடமாட்டேன்னு சொல்லிட்டா, தெரியுமா?"

"ஏன், தொண்டை கட்டிருச்சா?"

"அவர் வாசிக்காத பாட்ட நான் பாடலன்னுட்டா. இது இன்னைக்குச் சொன்னது இல்ல. எங்க வீட்டுக்காரவுக மொதல்ல கீபோர்டுன்னு சொன்ன அன்னைக்கே வந்து நின்னா. நீங்க அடுக்களையில சதி சதின்னு குதிச்சீயளே, அன்னைக்கு இதத்தான் பேசிட்டிருந்தாவ. அவருக்கு இடம் குடுங்க, நான் பாத்துக்கிடுதேன்னு. முப்பது வருசத்துக்கு அப்புறம் கிடைச்ச பாட்டு. உங்களால அதையும் விட்டுட்டு உக்காந்திருக்கா."

அவள் போன பிறகு வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. அல்லது இருந்திருக்கலாம்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. யார் கேட்டார்கள் அவளை? எனக்காக ஒருத்தி பாட்டை விடுவதா? ஊர் என்ன சொல்லும்? பென்னி மச்சாதுவால் ரெஜினா வாயை மூடிக்கொண்டாள் என்றல்லவா சொல்லும்.

ரெஜினா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கொடியின் இந்தப் பக்கம் நின்று சொன்னேன். "நீ பாடணும்."

"நீங்க வாசிச்சாப் பாடுதேன்."

"நான் எப்படி வாசிச்சாலுமா?"

ஒரு லுங்கியை உதறிப் போட்டாள். பதில் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் லுங்கிக்குப் பின்னால் இருந்து சொல்லியிருக்க வேண்டும்.

செப்டம்பர் 4, வியாழன்

கிளாட்வின் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கவோ கெஞ்சவோ அல்ல. அவனுக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுக்கத்தான்.

"மேடையில எனக்கு நாற்காலி வேணும். நின்னு வாசிக்கமாட்டேன்."

"மச்சான், திரும்பவும்..."

"பேசாம கேளு."

உட்கார்ந்து, அவன் முன்னாலேயே தாடையைக் கிட்டார் விளிம்பில் அழுத்தி வைத்தேன். சிரித்தால் அவன் கீபோர்டைத் தூக்கித் தெருவில் எறிவது என்று முடிவோடுதான் போயிருந்தேன். முழுவதையும் வாசித்தேன். சுண்டுவிரல் போய் ஐந்தாவது கட்டத்தில் ஊன்றி நின்றது. எனக்குத் துல்லியமாகக் கேட்டது.

நிமிர்ந்து பார்த்தால் அவன் சிரிக்கவில்லை. ரொம்பநேரம் என் காதையே பார்த்துக்கொண்டிருந்தான். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

"எத்தன நாளா மச்சான் இப்படி?" என்றான். உதட்டசைவிலேயே புரிந்தது.

"என்ன எப்படி? இது ஒரு ஸ்டைலு. கொழும்புல எல்லாரும் இப்படித்தான்."

"சரி," என்றான். "ஆனா தாளத்துக்கு முன்னாடி ஓடுறீய. அத என்ன செய்ய?"

பிறகு அவனே மேடையில் நாற்காலி போடச் சொல்வதாகத் தலையாட்டினான். அவன் பெண்டாட்டி கொடுத்த காப்பியில் சர்க்கரை போதவில்லை. அதைச் சொல்லிவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

நேற்று திருவிழா. மைதானத்தில் பத்தாயிரம் பேர். ரெஜினா நானூறு என்கிறாள். அவளுக்கு எண்ணத் தெரியாது.

வெள்ளைச் சட்டை கழுத்தை அறுத்தது. டியூப்லைட்டைச் சுற்றி ஈசல். மேடையில் எனக்குப் போட்ட நாற்காலி ஒரு கால் ஆடியது, வேண்டுமென்றே அதைப் போட்டிருக்கிறான் மைக்செட்காரன். ரெஜினா நீலச் சேலையில் மைக் முன்னால் நின்றாள். எனக்கு மறுபடியும் அவள் கொண்டைதான் தெரிந்தது.

அவள் முதல் பாதியைப் பாடி முடித்தாள். இடைவெளி வந்தது. நான் குனிந்து தாடையை மரத்தில் வைத்தேன். கீழே முன்வரிசையில் யாரோ சிரித்திருப்பார்கள், சிரிக்கட்டும். முதல் சுரம் மண்டைக்குள் மணியாக விழுந்தது. இரண்டாவது, மூன்றாவது. ஆனால் டிரம் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. கால் தரையில் அதிர்வைத் தேடியது. பலகை மேடை, எல்லாமே அதிர்ந்தது. ஓட ஆரம்பித்துவிட்டேன் என்று எனக்கே தெரிந்தது.

அப்போது தோளில் ஒரு கை. ரெஜினா மைக்கை விட்டுவிட்டு என் பின்னால் வந்து நின்றிருக்கிறாள். நான்கு விரலால் தோளில் தட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. மாவைத் தட்டுகிற மாதிரி அவசரமில்லாமல். நான் ஓடப் பார்த்தபோது அழுத்திப் பிடித்தாள். வலித்தது. நின்றேன். மறுபடி தட்டினாள், மறுபடி நடந்தேன்.

பச்சைப் புள்ளிகளைப் பார்க்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டுதான் வாசித்தேன். கடைசியில் சுண்டுவிரல் எட்டிப் போய் மெல்லிய தந்தியின் ஐந்தாவது கட்டத்தில் ஊன்றியது. கரகரப்பில்லை. அந்தச் சன்னமான நுனி மண்டைக்குள் நின்றுகொண்டே இருந்தது. அது ஓயும்வரை ரெஜினா கையை எடுக்கவில்லை. பிறகு குனிந்து என் காதோரம் ஏதோ சொல்லிவிட்டு, மைக்குக்குப் போய் அடுத்த வரியை எடுத்தாள்.

முடிந்ததும் எல்லாரும் எழுந்து நின்றார்கள். கை தட்டினார்கள், கைகள் அசைவதைப் பார்த்தேன். முந்தானைக்காரி வந்து, "மாமா, அந்தத் தாடை ஸ்டைல் எங்க படிச்சீங்க?" என்று வாயை நன்றாகத் திறந்து கேட்டாள். ஆம்ஸ்டர்டாம் என்று சொன்னேன். கொழும்பு கொஞ்சம் பழசாகிவிட்டது.

கிளாட்வின் அடுத்த மாதம் ஜெபமாலைத் திருவிழாவுக்கு இன்னொரு பாட்டுக் கட்டுகிறானாம். டி சுருதி என்றான். அப்படியென்றால் உருவம் வேறு இடத்துக்குப் போகும், புள்ளி புதிதாக வைக்க வேண்டும். முன்னாலேயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே. பச்சை நகப்பூச்சு தீர்ந்துவிட்டது.

செப்டம்பர் 10, புதன்

நாளைக் காலை காது டாக்டரிடம் போகிறோம். ரெஜினா ரொம்ப நாளாகப் போக வேண்டும் என்கிறாள், பாவம். துணைக்குப் போகிறேன்.

மேடையில் என் காதோரம் அவள் சொன்னது எனக்கு மிக நன்றாகக் கேட்டது. அதை இங்கே எழுதப்போவதில்லை. டாக்டரிடம் போய்விட்டு வந்து, இன்னொரு தடவை சொல்லச் சொல்வேன். முதல் தடவை கேட்கவில்லை என்பதற்காக அல்ல.